அழைப்பும் விருப்பமும்: ‘குடும்ப விளக்கு’ எழுப்பும் வினா

புதுவை உப்பளத்தில் நடைபெற்ற இளைஞர் கூடுகை ஒன்றில் ‘வாழ்வின் நோக்கத்தைக் கண்டறிதல்’ என்னும் பொருள்பற்றிப் பேசும் பொறுப்பு நமக்கு அளிக்கப்பட்டது. வழக்கம்போல் மூன்று வினாக்களை முன்வைத்தோம். எதில் உனக்கு ஆர்வம்? எதில் உனக்குத் திறமை? எதைச் செய்கையில் உன் உள்ளம் மகிழ்கின்றது? இம்மூன்றும் கூடும் இடமே இறைவன் உன்னை அழைக்கும் இடம் என்று முடித்தோம். இளைஞர்கள் குறிப்பெடுத்துக் கொண்டனர். பேச்சு நன்றாயிருந்தது என்று கூறியவர்களும் உண்டு.

கூட்டம் கலையும் வேளையில் இளம்பெண் ஒருவர் எழுந்தார். பட்டம் பெற்றவர், தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த நாள்முதல் நான்கு ஆண்டுகளாக வீட்டோடு இருப்பவர். “ஐயா, அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறதுல எனக்கு ஆர்வமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. அப்ப எனக்கு அழைப்பே இல்லையா?” என்று கேட்டார். “இது உனக்குக் காத்திருப்பின் காலம், மகளே, அழைப்பு பின்னால் வரும்” என்றோம். அவர் தலையசைத்துவிட்டு அமர்ந்தார். அவ்விடை தவறானது என்பதை அன்றிரவே உணர்ந்தோம். நான்கு ஆண்டுக் காலத்து உழைப்பை ‘இடைவேளை’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டோம். படுக்கையில் கிடந்த அத்தந்தையைப் பற்றியோ நாம் ஒரு சொல்லும் கூறவில்லை.

அத்தவற்றைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை. இதற்குத் துணையாக நாம் கொள்வது ஓர் இறையியல் நூலன்று. அதே புதுவையில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராயிருந்து, கடவுள் மறுப்பாளராகவும் அறியப்பட்ட பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ என்னும் காவியமே அது. நம் திருச்சபையின் பேச்சிலுள்ள ஒரு பெருங்குறையை அந்நூல் வெளிக்காட்டுகின்றது என்பதும், அந்நூலின் குறையை நற்செய்தி வெளிக்காட்டுகின்றது என்பதும் நம் கருத்து.

1. இக்காலப் போதனை

‘உன் ஆர்வத்தைக் கண்டுபிடி, அதுவே உன் வாழ்வின் நோக்கம்’ என்னும் போதனை இன்று புத்தகக் கடைகளிலும் கல்லூரி மேடைகளிலும் மட்டுமன்றி நம் பிரசங்க பீடங்களிலும் ஒலிக்கின்றது. இதன் கிறிஸ்தவ வடிவங்களுள் பெரிதும் பரவியது அமெரிக்கப் போதகர் ரிக் வாரன் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல். நோக்கத்தால் இயக்கப்படும் வாழ்வைப் பற்றியது அது. நாற்பது நாட்களுக்குரிய வாசிப்பாக வகுக்கப்பட்டது. அந்நூலுக்கு நாம் நியாயம் செய்யவேண்டும். வாழ்வின் நோக்கம் மனிதனிடமிருந்து தொடங்குவதன்று, இறைவனிடமிருந்து தொடங்குவது என்றே அது ஆரம்பிக்கின்றது. ஆராதனை, ஐக்கியம், சீஷத்துவம், ஊழியம், நற்செய்திப் பணி என ஐந்து நோக்கங்களையும் அது கூறுகின்றது. ஆனால் அதனை வாசிப்பவர் தனியொருவராக அமர்ந்து, தம் வரங்களையும் விருப்பங்களையும் ஆளுமையையும் ஆராய்ந்து, தமக்குரிய வடிவத்தைத் தெரிந்துகொள்ளும்படி வழிநடத்தப்படுகின்றார். இறைவனிடத்தில் தொடங்கிய பயணம் இறுதியில் கண்ணாடியின் முன் வந்து நிற்கும் அபாயம் அதில் உண்டு.

திருமறையில் அழைப்புப் பெற்றோரை எண்ணிப் பார்ப்போமாக. மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தான், அனுப்பப்பட்டபோது மறுத்தான். எரேமியா தான் சிறுபிள்ளை என்று விலகப் பார்த்தான். யோனாவின் விருப்பம் நேர் எதிர்த்திசையில் கப்பலேறியது. பேதுருவுக்கோ, முதிர்ந்த வயதில் அவன் விரும்பாத இடத்திற்கே வேறொருவன் அவனைக் கொண்டுபோவான் என்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் கூறினார் (யோவான் 21:18). இவர்களுள் எவரும் தம் உள்ளத்தைத் தோண்டி அழைப்பை எடுத்தவரல்லர். அது புறத்தேயிருந்து, வேறொருவருடைய துன்பத்தின் வழியாக, அவர்கள் ஈடுபட்டிருந்த வேலையின் நடுவே வந்தது. விருப்பம் பாவம் என்று நாம் கூறவில்லை. அது இறைவன் தந்த கொடையே. ஆயினும் கொடையை அழைப்பவராக எண்ணிவிடலாகாது.

2. ஒரு நாளின் காவியம்

‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதிகளை உடையது. 1942-இல் வெளிவந்த முதற்பகுதியின் பெயர் ‘ஒருநாள் நிகழ்ச்சி’. அரசனும் போரும் தெய்வமும் இல்லாத ஒரு காவியம். தங்கம் என்னும் இல்லத்தரசி வைகறையில் எழுவதுமுதல் இரவில் படுக்கைக்குச் செல்வதுவரை உள்ள செயல்களே அதன் கதை. வாயில் தெளித்துக் கோலமிடுதல், சமையல், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புதல், வணிகம் செய்யும் கணவன் மணவழகனுக்கு வேண்டுவன செய்தல், தையல் முதலிய கைவேலைகள், மாமன் மாமியரைப் பேணுதல் ஆகியவற்றைப் புலவர் ஒன்றும் விடாது பாடுகின்றார். காவியம் என்றால் மன்னர் வாழ்வையே பாடவேண்டும் என்றிருந்த மரபில் அடுப்படிக்கு அந்தத் தகுதியை அளித்தது சிறிய செயலன்று.

நம் சீர்திருத்த மரபினர்க்கு இதனை வாசிக்கையில் மார்ட்டின் லூத்தரின் நினைவு வராமல் போகாது. 1522-இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய நூலில், குழந்தையைத் தாலாட்டுவதையும் அதன் துணிகளைத் துவைப்பதையும் உலக அறிவு இழிவாகக் காண்கின்றது என்றும், விசுவாசமோ அவற்றை இறைவனின் இசைவு பெற்ற அணிகலன்களாகக் காண்கின்றது என்றும் அவர் விளக்கினார். குழந்தையின் துணியைத் துவைக்கும் தகப்பனை அயலார் எள்ளி நகைக்கையில், இறைவன் தம் தூதரோடு மகிழ்கின்றார் என்றும் எழுதினார். துறவிக்கும் குருவுக்கும் மட்டுமே உரியதாயிருந்த ‘அழைப்பு’ என்னும் சொல்லைத் தாயிடமும் வேலைக்காரனிடமும் செருப்புத் தைப்பவனிடமும் கொண்டுசேர்த்தது சீர்திருத்த இயக்கம். அதே சொல்லை நாம் மீண்டும் ‘முழுநேர ஊழியம்’ என்னும் சிறு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். இறையியல் கல்லூரிகளில் சேர வரும் மாணவர்களை ‘உன் அழைப்பைக் கூறு’ என்று கேட்கின்றோம். அவர்களும் நாம் எதிர்பார்க்கும் வடிவத்திலேயே, ஒரு கூட்டம், ஒரு வசனம், ஒரு கண்ணீர் என்று அடுக்கிக் கூறுகின்றனர். நோயாளித் தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மகளை இவ்வினாவோடு எவரும் அணுகியதில்லை.

ஆனால் பாரதிதாசன் இல்லப்பணியைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. இப்பகுதியின் உச்சம் இரவில் நிகழ்கின்றது. வீடு அடங்கியபின், களைத்திருக்கவேண்டிய தங்கம் கணவனிடம் ஒரு வினாவை எழுப்புகின்றாள். காலை தொட்டு இரவுவரை நம் நலத்தையே நாடி உழைத்தோமே, பொதுநலத்திற்காக நாம் ஆற்றியது என்ன, தமிழுக்காக உழைப்பிலோ பொருளிலோ ஒரு சிறு பகுதியேனும் கொடுத்ததுண்டா என்பது அவ்வினாவின் சாரம்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். வாழ்வின் நோக்கம் பற்றிய வினாவைப் புலவர் தனிமையில் சிந்திக்கும் அறிஞன் வாயில் வைக்கவில்லை. நாள்முழுதும் கையால் உழைத்த ஒரு பெண்ணின் வாயில் வைத்தார். அவ்வினா ‘எனக்கு எது விருப்பம்?’ என்பதன்று, ‘நாம் பிறர்க்கு என்ன செய்தோம்?’ என்பது. ‘நான்’ என்பது ‘நாம்’ ஆகவும், ‘விருப்பம்’ என்பது ‘கடன்’ ஆகவும் மாறிவிடுகின்றன. உப்பளத்தில் நாம் முன்வைத்த மூன்று வினாக்களையும்விட இவ்வொரு வினா திருமறைக்கு அண்மையில் நிற்கின்றது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

3. புலவரின் சொந்த அழைப்பு

இவ்வாறு எழுதிய புலவரின் வாழ்வும் இதற்குச் சான்றாகின்றது. 1891-இல் பிறந்த சுப்புரத்தினம் 1909-இல் பள்ளி ஆசிரியரானார். 1946-இல் ஓய்வு பெறும்வரை, 37 ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். பாரதியாரை அவர் சந்தித்தது வேணு நாயக்கர் என்பவரின் வீட்டுத் திருமணத்தில். பாரதியாரின் பாட்டை அவர் பாடினார். பாட்டை எழுதியவரே கேட்டுக்கொண்டிருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. அந்த மணவீட்டில் தொடங்கிய தொடர்பே சுப்புரத்தினத்தைப் பாரதிதாசன் ஆக்கிற்று. தமக்கெனப் புனைந்துகொண்ட பெயரில் தம் புகழைக் கூறாது, தம்மை எழுப்பியவரின் பெயரையும் ‘தாசன்’ என்னும் சொல்லையும் வைத்துக்கொண்டார். அழைப்பு பிறரிடமிருந்து வருவது என்பதற்கு அப்பெயரே ஒரு விளக்கவுரை. ஆசிரியப் பணியை விட்டுத்தான் கவிஞராகவேண்டும் என்றும் அவர் எண்ணவில்லை. வகுப்பறையும் கவிதையும் ஒரே மனிதரில் நெடுங்காலம் இணைந்திருந்தன.

பாரதியாரின் நிலையும் கருதத்தக்கது. 1908-இல் அவர் புதுவைக்கு வந்தது கவிதை எழுதும் ஓய்வை நாடியன்று. ஆங்கில அரசின் கைக்கு அகப்படாதிருக்கவே வந்தார். ‘இந்தியா’ இதழும் 1910-இல் நின்றுபோயிற்று. அரசியற்பணியின் கதவு அடைபட்டது. 1918-வரை நீடித்த அந்த அடைபட்ட காலத்தில்தான் ‘பாஞ்சாலி சபதம்’, ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ ஆகியவை பிறந்தன. பித்தினியா நாட்டுக்குப் போக முயன்று தடுக்கப்பட்ட பவுலடியாரின் வரலாறு (அப்போஸ்தலர் 16:7) நினைவுக்கு வருகின்றது. எனினும் அடைபட்ட கதவு ஒவ்வொன்றும் ஒரு காவியத்தைத் தரும் என்று போதித்தால் அதுவும் பொய்யாகிவிடும். பாரதியார் அவ்வாண்டுகளில் வறுமையையும் பட்டார். அடைப்பு நல்லது என்பதன்று நாம் கொள்ளும் பாடம். நாம் ‘இடைவேளை’ என்று பெயரிடும் காலத்திலும் இறைவன் பணி செய்கின்றார் என்பதே.

4. ‘இருந்த நிலையில் இரு’ என்னும் அபாயம்

இதுவரை கூறியதை ஒருவர் தவறாகப் பயன்படுத்தக்கூடும். ‘விருப்பத்தைத் தேடாதே, இருக்கும் வேலையே அழைப்பு’ என்பது நம் நாட்டில் கேட்பதற்குப் புதிய போதனையன்று. அதற்குச் சாதி என்று பெயர்.

உப்பளம் என்னும் ஊர்ப்பெயரே ஒரு தொழிலின் பெயர். இன்று விளையாட்டரங்கமும் துறைமுகமும் கொண்டு அறியப்படும் அப்பகுதியின் பெயர் உப்பு விளையும் பாத்திகளை நினைவூட்டுகின்றது. பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பைப் பற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1815-இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை செய்தனர். 1818-இல் ஏற்பட்ட மற்றோர் ஏற்பாட்டின்படி உப்பு விளைவித்தலை நிறுத்துவதற்காக அளங்களின் உடைமையாளர்க்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை வகுக்கப்பட்டது. வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரியவனிடம் ‘உனக்கு எதில் ஆர்வம்?’ என்று எக்காலத்திலும் எவரும் கேட்டதில்லை. அவன் தொழிலைப் பிறப்பு தீர்மானித்தது. அதன் முடிவைப் பிறர் தீர்மானித்தனர். விருப்பத்தைத் தேடுதல் என்பது தெரிவு உடையோர்க்கே வாய்க்கும் பேறு என்பதை நம் இளைஞர் கூடுகைகள் மறந்துவிடுகின்றன.

ஆகவே 1 கொரிந்தியர் 7:20-ஐ நாம் கவனமாக வாசிக்கவேண்டும். அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையில் நிலைத்திருக்கட்டும் என்னும் பொருளுடைய அவ்வசனத்தில் ‘கிலேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் வருகின்றது. பவுலடியாரின் வழக்கில் அச்சொல் பெரும்பாலும் கிறிஸ்துவுக்குள் வரும்படியான அழைப்பையே குறிக்கும், தொழிலையன்று. அடிமையாயிருக்கையில் ஒருவன் அழைக்கப்பட்டான் என்பதால் அடிமைத்தனமே அவனுக்கு அழைப்பாகிவிடாது. அடுத்த வசனத்திலேயே விடுதலையைப் பற்றிய பேச்சு வருகின்றது. அவ்வசனத்தின் கிரேக்கம் இருவகையாகப் பொருள்கொள்ள இடந்தருவது உண்மையே. எனினும் விடுதலை வாய்க்குமாயின் அதனைப் பற்றிக்கொள் என்னும் பொருளே அப்பகுதியின் போக்கிற்கு ஒத்தது என்று கருதுகின்றோம். லூத்தரின் அழைப்புக் கொள்கையும் இவ்விடத்தில் வலுக்குன்றியதே. தொழிலைப் புனிதமாக்கிய வேகத்தில், அத்தொழிலை ஒருவன்மேல் சுமத்திய ஒழுங்கு நீதியானதா என்று அது போதுமான அளவில் கேட்கவில்லை.

நம் தமிழ்ச் சபைகளின் வரலாறும் இதற்குச் சான்று. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிக்கப்படவேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் நம் முன்னோருட் பலர் அதனை எதிர்த்து விலகி நின்றனர். பிறப்பால் வந்த நிலைமையை இறைவன் வகுத்த நிலைமை என்று அவர்கள் எண்ணினர்.

இவ்விடத்தில் பாரதிதாசன் நமக்கு மீண்டும் உதவுகின்றார். அழகிய சோலைகளையும் வயல்களையும் நோக்கி, உங்களை ஆக்கிய உழைப்பாளிகள் எத்தனைபேர் என்று வினவும் பாட்டு அவருடையது. ‘குடும்ப விளக்கி’லேயே வேறோர் இடத்தில், சமையல் பெண்ணுக்கே உரிய கடமை என்னும் எழுதாச் சட்டம் நீங்கவேண்டும் என்றும் அதற்குப் பெண்கல்வி வேண்டும் என்றும் பாடுகின்றார். ஆயினும் முதற்பகுதியில் தங்கத்தின் சுமையில் பங்கேற்க எவரும் முன்வருவதாகக் காணோம். அத்தனை வேலையையும் அவளே சிரித்த முகத்தோடு செய்து முடிக்கின்றாள். கொள்கையில் அவளை விடுவித்த புலவர், கதையில் அவளை விடுவிக்கத் தயங்கினார் என்றே கூறவேண்டும். அப்பெண்ணின் பணி அழைப்பே என்று நாம் சொல்லும்போது, அச்சுமையை அவர் ஒருவரே தாங்கவேண்டும் என்பது அதன் பொருளாகக் கூடாது. வீட்டில் உடன்பிறந்தோர் இருப்பின் அவர்களுக்கும், சபைக்கும், அதே அழைப்பு உண்டு.

5. செய்தலும் இருத்தலும்

இனி இந்நூலின்மேல் நாம் வைக்கும் இறையியல் திறனாய்வைக் கூறவேண்டும். ‘என்ன செய்தோம்?’ என்னும் தங்கத்தின் வினா உயர்ந்தது. ஆயினும் அது நியாயப்பிரமாணத்தின் வினா. அதனை அன்றாடம் இரவில் கேட்டுக்கொள்பவர் இருவகையில் முடிவர்: கொஞ்சம் செய்தவர் பெருமைகொள்வர், செய்ய இயலாதவர் உடைந்துபோவர். பொதுநலமும் தமிழும் நம்மை ஏவலாம். ஆனால் தோற்றவனை மன்னிக்க அவற்றுக்கு வாயில்லை. அழைப்பவர் இல்லாத அழைப்பின் குறை இதுவே.

நம் கிறிஸ்தவப் பேச்சுக்கும் இதே குறை உண்டு. நோக்கம் என்பது செயலே எனின், பக்கவாதத்தால் படுத்திருக்கும் அத்தந்தைக்கு நோக்கம் ஏது? அவரால் ஊழியம் செய்ய இயலாது. ஆலயத்திற்கு வர இயலாது. தம் கையைத் தாமே தூக்கவும் இயலாது. அவர் இல்லாதவரைப் போல் நாம் அன்று பேசியதற்குக் காரணம் மறதி மட்டுமன்று. நம் கொள்கையில் அவருக்கு இடமில்லை.

வியப்பு யாதெனில், இதற்குரிய விடையின் நிழலும் இக்காவியத்திலேயே உள்ளது. ஐந்தாம் பகுதியாகிய ‘முதியோர் காத’லில் தங்கமும் மணவழகரும் முதுமை எய்திவிட்டனர். வைகறைமுதல் இரவுவரை ஓயாதிருந்த அக்கைகள் ஓய்ந்துவிட்டன. அழகும் வலிமையும் நீங்கிய இம்மூதாட்டியால் இனி என்ன இன்பம் என்னும் எண்ணத்திற்குக் கிழவர் தரும் விடை, அவள் இன்னும் இருக்கின்றாள் என்னும் அந்த ஒன்றே தமக்குப் போதும் என்பது. முதற்பகுதியில் ‘செய்தோமா?’ என்று கேட்ட நூல், இறுதிப்பகுதியில் ‘இருத்தலே போதும்’ என்று அமைகின்றது. புலவர் இதனை ஒரு கொள்கையாக வகுத்துக் கூறவில்லை; அன்பைப் பாடும்போது தாமாகவே அங்கு வந்து சேர்ந்தார்.

நற்செய்தி தொடங்குவது அங்கேதான். யோர்தானில் இயேசுவை நோக்கி ‘நேச குமாரன்’ என்னும் குரல் எழுந்தபோது அவர் ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை. ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை (மாற்கு 1:11). முதலில் அன்பு, பின்னரே பணி. பெயர் சொல்லி அழைக்கப்பட்டோம் என்பதே நம் முதல் அழைப்பு. வேலை, விருப்பம், திறமை, கடன் ஆகிய யாவும் அதற்குப் பிந்தியவை. அவ்வழைப்பைப் பெறுவதற்குக் கைகால் அசையவேண்டும் என்பதில்லை. கிழவரின் விடையை இறைவனின் வாயில் வைத்துப் பார்த்தால், கட்டிலில் கிடக்கும் அத்தந்தையும் அழைக்கப்பட்டவரே. அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மகள், இறைவன் அவரைக் குறித்துக் கூறும் அச்சொல்லுக்குத் தம் கைகளால் நாள்தோறும் ‘ஆமென்’ கூறுகின்றார். அதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லாமற்போகலாம், அழைப்பு இல்லாமற்போகாது.

6. முடிவுரை

நம் சபைகள் செய்யத்தக்கன சில உள. இளைஞரிடம் ‘உனக்கு எதில் ஆர்வம்?’ என்று கேட்கும் முன்னர் ‘உன்னை நம்பி இருப்பவர் யார்?’ என்று கேட்போமாக. தெரிவு மறுக்கப்பட்டோர்க்குத் தெரிவை உண்டாக்கிக் கொடுத்தலும் அழைப்பைப் பற்றிய போதனையின் பகுதியே எனக் கொள்வோமாக. கல்வி, வேலை, சாதித்தடை நீக்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசாமல் அழைப்பைப் பற்றி மட்டும் பேசுதல் வெறும் பேச்சாகும். நோயாளரைப் பேணுவோரின் பெயர்களை, மிஷனரிகளின் பெயர்களோடு சேர்த்து, ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டில் கூறுவோமாக. அவர்கள் வாரத்தில் ஓர் நாளேனும் வெளியே செல்லுமாறு, சபையார் முறைவைத்து அக்கட்டிலருகே அமர்வோமாக.

அப்பெண்ணுக்கு நாம் கூறவேண்டியிருந்த விடையும் இப்போது தெளிவாகின்றது: “மகளே, நீ காத்திருக்கவில்லை. நீ அழைப்பின் நடுவே நிற்கின்றாய். ஆனால் தனியே நிற்கவேண்டியதில்லை. சனிக்கிழமைதோறும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் பேசுவோம். நீ படித்த படிப்பைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை அதன்பின் பேசுவோம்.” மீண்டும் உப்பளத்திற்குச் செல்லும்போது, மேடையேறிப் பேசும் முன்னர் அவ்வீட்டின் வாயிலில் நின்று இதனைக் கூற எண்ணியுள்ளோம். அவ்வறையில் படுத்திருப்பவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவரிடமும் பேசுவோம்.